மெரினாவில் யாருடன் நடப்பது?

ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் பள்ளி விடுமுறையில் சென்னைக்குச் செல்லத் திட்டமிடுகிறது என வைத்துக்கொள்வோம். கிள்ளானைச் சேர்ந்த இருபது மாணவர்கள். உடன் மூன்று ஆசிரியர்கள். விமானச் சீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் கட்டியது போகக் கையில் மிஞ்சியிருக்கும் தொகை சிறியது. அதுவும் பள்ளி விழாக்களில் முறுக்கும் நாசி லெமாக்கும் விற்றுச் சேர்த்த பணம். ஐந்து நாள் பயணத்தில் மெரினா கடற்கரைக்கு ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு காலைப்பொழுது அல்லது ஒரே ஒரு மாலைப்பொழுது.

இணையத்தில் தேடினால் வழிகாட்டியுடன் கூடிய மெரினா உலாக்கள் பல வகையாக வந்து நிற்கின்றன. நடை உலா, மிதிவண்டி உலா, உணவு உலா, பேருந்துச் சுற்றுலா, இலவச உலா. எல்லா விளம்பரங்களிலும் படம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீலக் கடல், ஒரு குதிரை, ஒரு பட்டம், தாளில் மடித்த சுண்டல். படத்தைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. சொற்களைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதையே இப்பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

கடற்கரைக்கு வழிகாட்டி எதற்கு?

கழகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். நியாயமான கேள்விதான். மெரினாவுக்குக் கதவு இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. சாலையைக் கடந்து மணலில் இறங்கினால் கடல் அங்கே இருக்கிறது. ஆகவே, உலாவுக்கு நாம் கொடுக்கும் பணம் கடற்கரைக்கான விலை அன்று. நம் கண்ணுக்குத் தாமாகப் புலப்படாத ஒன்றை யாரோ ஒருவர் காட்டுவதற்கான விலை. அப்படியானால் ஓர் உலாவை எடைபோடும் முதற்கேள்வி இதுதான்: இவர் இல்லாமல் போனால் எதை நாம் பார்க்காமல் திரும்புவோம்?

மணலையே எடுத்துக்கொள்வோம். மெரினாவில் முதன்முறை இறங்குபவர் வியப்பது அதன் அகலத்தைக் கண்டுதான். சாலையிலிருந்து அலை வரை சராசரியாக 300 மீட்டர் நடக்க வேண்டும். ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு மணல் அங்கு இல்லை. அலைகள் இன்றைய சாலைக்கு மிக அருகில் வந்து மோதின. 1870-களில் வடக்கே சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் எழுந்தன. அந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கிறது. சுவர் குறுக்கே நின்றதும் மணல் அதன் தென்புறத்தில் தேங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கரை விரிந்தது. அதுவே மெரினா. துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் பக்கம் நடந்தது நேர்மாறு. வர வேண்டிய மணல் வராததால் கடல் கரையை அரித்தது. பாறைகளைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்தின் அகன்ற மணலும் மறு பக்கத்தின் அரிப்பும் ஒரே சுவரால் விளைந்தவை. இதை ஒருவர் அங்கேயே நின்று, துறைமுகம் இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டிச் சொல்லும்போது புவியியல் பாடம் காலடியில் கிடக்கும்.

1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இக்கரையோரம் நடைபாதை அமைத்தார். சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். தமிழர் கூடும் மிகப் பெரிய கடற்கரை இத்தாலியச் சொல்லால் அழைக்கப்படுவதன் காரணம் இதுவே.

நமக்கு மட்டும் தெரிய வேண்டிய சில

எந்த ஊரிலிருந்து வருபவருக்கும் சொல்லக்கூடிய செய்திகள் உண்டு. மலேசியாவிலிருந்து வரும் தமிழ் மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய செய்திகளும் உண்டு. இரண்டாவது வகையை அறிந்த வழிகாட்டி கிடைத்தால் நல்ல பேறு.

காமராசர் சாலையோரம் வரிசையாகச் சிலைகள் நிற்கின்றன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், கண்ணகி என நீளும் அவ்வரிசையில் வெளிநாட்டில் பிறந்த மூவரும் இருக்கிறார்கள். இத்தாலியில் பிறந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் ஒருவர். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் மற்றொருவர். கனடாவில் பிறந்து, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் மூன்றாமவர். இவர்களை நாம் இலக்கிய வகுப்பில் பெயராக அறிவோம். இங்கே ஆளாக நிற்கிறார்கள்.

இச்சிலைகள் 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்டவை. இரண்டாவது என்றால் முதலாவது எங்கே நடந்தது? கோலாலம்பூரில். 1966 ஏப்ரலில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளாரின் பெரும் முயற்சியால் முதல் மாநாடு நம் நாட்டில் கூடியது. அந்த வரிசையின் தொடக்கம் நம் தலைநகரில் இருக்கிறது என்பதை அறிந்து சிலைகளின் முன் நிற்பது வேறு. படம் எடுத்துக்கொண்டு நகர்வது வேறு. என் கருத்தில், மலேசிய மாணவர் குழுவை அழைத்துச் செல்லும் எவரும் இதைச் சொல்லாமல் விட்டால் அந்த உலா பாதி உலாதான்.

சிலைகளுக்கும் வரலாறு உண்டு. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. 2006-இல் மீண்டும் அதே கடற்கரைக்கு வந்தது. ஏன் போனது, எப்படி வந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் முறையிலேயே அவர் எத்தகையவர் என்பது விளங்கிவிடும்.

சற்றுத் தெற்கே வட்டவடிவ முகப்புடைய பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. ஊரார் அதை ஐஸ் ஹவுஸ் என்பார்கள். 1842-இல் கட்டப்பட்ட இக்கட்டடத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள். அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்த கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, பல மாதம் கடலில் கொண்டுவந்து, சென்னை வெயிலில் விற்ற வணிகம் அது. பனிக்கட்டியை இயந்திரத்தால் செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் நின்றது, கட்டடம் கைமாறியது. 1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் அங்குத் தங்கினார். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையோரம் 1904-இல் எழுப்பப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தை நாம் எத்தனை முறை கடந்து போயிருப்போம்! அதே பெயர் இங்கே மெரினாவிலும் ஏன் என்று கேட்கும் உரிமை பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

வடகோடியில், நான்கு தொழிலாளர்கள் பெரும்பாறை ஒன்றை நகர்த்த முயலும் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்தது; 1959-இல் திறக்கப்பட்டது. 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியதும் சென்னைக் கடற்கரையில்தான். இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டம் என்று அதைக் கூறுவர். அங்கிருந்து வடக்கே பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்தன. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகமே. கிள்ளான் மாணவர்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அந்தத் துறைமுகத்தில் ஏறி இந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கக்கூடும். புறப்படுமுன் வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குத் தெரியாத செய்தி அது, பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று அறிவிப்புகளைப் படிப்போம்

கீழ்வரும் மூன்றும் இப்பாடத்திற்காக எழுதப்பட்ட மாதிரி அறிவிப்புகள். எந்த நிறுவனத்தையும் குறிப்பன அல்ல. ஆனால், இவற்றில் உள்ள சொற்களை நீங்கள் இணையத்தில் அடிக்கடி காண்பீர்கள்.

அறிவிப்பு அ: “மெரினா மாயாஜாலம்! சூரியன் கடலில் மூழ்கும் அற்புதக் காட்சி! குளிர்சாதனப் பேருந்தில் 3 மணி நேரத்தில் 8 இடங்கள். பட்டு, கைவினைப் பொருள் அங்காடி வருகையும் உண்டு. தலைக்கு 400 ரூபாய் மட்டுமே!”

அறிவிப்பு ஆ: “மெரினா காலை நடை. 6.00 முதல் 8.30 வரை. உழைப்பாளர் சிலை தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர். தமிழிலோ ஆங்கிலத்திலோ. ஒரு குழுவில் 12 பேருக்கு மிகாமல். தலைக்கு 800 ரூபாய். உணவு இதில் சேராது.”

அறிவிப்பு இ: “இலவச மெரினா உலா! தினமும் மாலை 5.00. முன்பதிவு தேவையில்லை. முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம்.”

முதல் அறிவிப்பில் ஒரு பிழை இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்கு அது எளிதில் கண்ணில் படாது. நாம் மோரிப் கடற்கரைக்குப் போனால் மாலையில் சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்குவதைப் பார்க்கிறோம். நம் கடற்கரை மேற்கு நோக்கியது. மெரினா வங்காள விரிகுடாவின் ஓரத்தில் கிழக்கு நோக்கிக் கிடக்கிறது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். மெரினாவில் சூரியன் கடலில் மூழ்காது. தாம் விற்கும் கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அறியாதவர் எழுதிய அறிவிப்பு இது. அல்லது அறிந்தும் அழகான சொல் கிடைத்ததே என்று எழுதியது. இரண்டில் எதுவானாலும் மற்ற வாக்குறுதிகளையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து எளிய கணக்கு. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். அதை எட்டால் வகுத்தால் ஓர் இடத்துக்கு 22 நிமிடம் சொச்சம். அதற்குள் பேருந்திலிருந்து இறங்க வேண்டும்; இருபத்துமூன்று பேர் ஒன்றுசேர வேண்டும்; மீண்டும் ஏற வேண்டும்; சென்னைப் போக்குவரத்து நெரிசலில் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அங்காடியில் மட்டும் நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஏனெனில், பல சுற்றுலா ஊர்களில் குழுவை அழைத்து வருபவருக்குக் கடைக்காரர் தரகு தருவது வழக்கம். உலாக் கட்டணம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைக்குப் போவது குற்றம் அன்று. பட்டு வாங்க விரும்பினால் தாராளமாகப் போகலாம். மெரினாவுக்காக ஒதுக்கிய நேரத்திலிருந்து அதை எடுக்கக்கூடாது, அவ்வளவே.

இலவச உலாவைப் பற்றியும் ஒரு சொல். இலவசம் இரண்டு வகைப்படும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் மெர்டேக்கா சதுக்கத்திலும் கம்போங் பாருவிலும் நடத்திய நடை உலாக்களைப் போன்றவற்றில் வழிகாட்டிக்கு மன்றம் ஊதியம் தருகிறது. நாம் ஒன்றும் தர வேண்டியதில்லை. ஐரோப்பிய நகரங்களில் பரவி இன்று உலகெங்கும் காணப்படும் ‘இலவச’ உலா வேறு. அங்கே வழிகாட்டியின் கூலியே நாம் இறுதியில் கொடுக்கும் அன்பளிப்புதான். சில நகரங்களில் வந்த தலைகளை எண்ணி ஏற்பாட்டாளருக்கு வழிகாட்டி பணம் கட்ட வேண்டியிருப்பதும் உண்டு. இருபத்துமூன்று பேர் சேர்ந்து கேட்டுவிட்டு, கைதட்டிவிட்டுப் போனால் அவர் வீட்டுக்குக் கைப்பணத்தைப் போட்டுப் போவார். அந்த வகை உலாவைத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு தரப்போகிறோம் என்று முன்கூட்டியே கழகத்தில் பேசி, ஒரு தொகையை உறையில் இட்டு வைப்பது முறை. அப்படிப் பார்த்தால் அது இலவசமும் அன்று.

இரண்டாவது அறிவிப்பில் வியப்புக்குறியே இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடியும், எவ்வளவு தூரம், எத்தனை பேர், எம்மொழி, எது சேராது என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. எது சேராது என்று தாமாகச் சொல்பவரை நான் ஒரு படி கூடுதலாக நம்புவேன். நேரமும் பொருத்தம். சென்னையில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே கதிரவன் எழுந்துவிடும். எட்டரை மணிக்குமேல் மணலில் நிற்பது கடினம். ‘காலை ஆறு மணியா?’ என்று முனகுவோருக்கு ஒரு செய்தி: மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. சென்னையில் ஆறு மணி என்றால் உங்கள் உடலுக்கு எட்டரை. பள்ளி நாளில் அந்நேரம் இரண்டு பாடவேளை முடிந்திருக்கும்.

ஆனால், கட்டணம் இருமடங்கு. தலைக்கு 800 என்றால் இருபது மாணவர்களுக்கு 16,000 ரூபாய். முறுக்கு விற்ற பணத்தில் அது பெரிய துண்டு. ஆகவே, அறிவிப்பு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் பணத்தைக் கட்டிவிட முடியாது. கேட்க வேண்டும்.

கேட்டு எழுதுவோம்

கழகச் செயலாளர் புலனத்தில் அனுப்பக்கூடிய ஒரு செய்தி:

“வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வரும் தமிழ்மொழிக் கழக மாணவர்கள். மாணவர்கள் இருபது பேர், ஆசிரியர்கள் மூவர். எங்களில் ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருவார். அவரும் எங்களோடு முழு உலாவிலும் கலந்துகொள்ள இயலுமா? நாங்கள் இருபத்துமூன்று பேராக இருப்பதால் எப்படி அழைத்துச் செல்வீர்கள்? மழை பெய்தால் என்ன ஏற்பாடு? ஆசிரியர்களுக்கும் கட்டணம் உண்டா? 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மாநாட்டுக்கும் இங்குள்ள சிலைகளுக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்புகிறோம். அதைப் பற்றிச் சொல்வீர்களா? நன்றி.”

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வரலாம். ஒன்று: “எல்லாம் சூப்பராகப் பார்க்கலாம். கவலையே வேண்டாம். இன்றே பணம் அனுப்பினால் பத்து விழுக்காடு கழிவு.” கேட்ட ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை.

மற்றொன்று இப்படி இருக்கலாம்: “வணக்கம் தம்பி. பன்னிரண்டு பேருக்குமேல் ஒரே குழுவாக நடத்துவதில்லை. பின்னால் நிற்பவருக்கு அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. உங்களை இரண்டு குழுவாகப் பிரித்து இருவர் வருவோம். சக்கர நாற்காலி மணலில் நகராது. ஆனால், சிலைகள் எல்லாம் நடைபாதையோரம்தான். அலை அருகே செல்ல மரப்பாதை ஒன்று உண்டு. அது அன்று நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துச் சொல்கிறேன். ஆசிரியர் மூவருக்கும் கட்டணம் வேண்டாம். மழை வந்தால் மறுநாள், இல்லையெனில் பணம் திரும்ப. கோலாலம்பூர் மாநாட்டைப் பற்றி எனக்கு விரிவாகத் தெரியாது. நீங்கள் வருவதற்குள் படித்து வைக்கிறேன்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். தெரியாது என்று சொல்லத் தெரிந்த வழிகாட்டி, தெரிந்தது என்று சொல்வதை நம்பலாம். மரப்பாதையைப் பற்றி அவர் எச்சரிக்கையாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பர் இறுதியில் அப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயலில் சேதமடைந்தது; பிறகு சீர்செய்யப்பட்டது. இணையத்தில் படம் இருக்கிறது என்பதால் இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா? நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்ய முடியாது. வழிகாட்டிகள் கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அரசு பயிற்சியளித்து அட்டை வழங்கும் வழிகாட்டிகள் உண்டு. அதோடு, நகர வரலாற்றில் ஈடுபாடு கொண்டு நடை உலா நடத்தும் ஆர்வலர்களும் உண்டு. அட்டை இருப்பது நல்லது. அது மட்டுமே போதாது. ஆசிரியர்கள் முன்பு அவரோடு போனவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்துப் பார்க்கலாம். ‘அருமை, சூப்பர்’ என்பவற்றை விட்டுவிட்டு, என்ன கற்றோம் என்று எழுதியிருப்பவற்றை மட்டும் படிக்க வேண்டும்.

கடற்கரை ஒருவருடைய வீடும்கூட

மெரினா உலாக்களில் சில கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளுக்கும் செல்கின்றன. ‘மீனவர் வாழ்வை நேரில் காணுங்கள்’ என்று விளம்பரம் இருக்கும். இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறிக் கெத்தாம் தீவுக்குப் போனவர்களுக்கு இது புரியும். பலகைப் பாதைகளின் இருபுறமும் வீடுகள், கதவு திறந்திருக்கும், உள்ளே ஒரு பாட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் நின்று கைப்பேசியை நீட்டும் பயணியை அவர் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறாரோ! பார்க்க வருவது தவறன்று. பார்க்கப்படுபவருக்கு அதில் பங்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மெரினாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. அகன்ற கடற்கரை நகரத்தின் அழகு என்று ஒரு சாரார் சொல்லும்போது, அதே மணலில் வலை உலர்த்தி மீன் விற்று வாழ்பவர்கள் இடைஞ்சலாகத் தெரியத் தொடங்குகிறார்கள். நொச்சிக்குப்பத்தை ஒட்டிய சாலையோர மீன்கடைகளை அகற்றுவது குறித்து 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் சாலையில் படகுகளையும் வலைகளையும் வைத்துப் போராடினர். 2024-இல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்ல வழிகாட்டி இதை இரு தரப்பிலிருந்தும் சொல்வார். அங்கே வாழும் ஒருவரையே பேச வைப்பவர் அதனினும் நல்லவர். எனவே, செய்தியில் மேலும் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: “குப்பத்தில் எங்களோடு பேசப்போவது யார்? அவருக்கும் கட்டணத்தில் பங்கு உண்டா?”

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இக்கரையிலும் ஏறியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் குப்பத்து மக்களும் உயிரிழந்தனர். அந்நாளை நினைவுவைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் வாழ்கிறார்கள். அவர்களே சொல்ல முன்வந்தால் கேட்கலாம். நாம் தூண்டித் துருவக்கூடாது. படம் எடுக்குமுன் “அக்கா, எடுக்கலாமா?” என்று ஒரு சொல் கேட்டால் போதும். பலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கக்கூடாது. கரையோரமே ஆழமும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு, பலர் உயிரிழந்துள்ளனர். ‘கடல் குளியல்’ என்று விளம்பரப்படுத்தும் உலாவை அப்போதே நிராகரிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்க அனுமதி உண்டு என்றாலும் விடியற்காலையில் அது திறந்திருக்காது. ஆகவே, காலை நடையில் அதை வெளியிலிருந்துதான் காண முடியும்.

பயணம் ஆகஸ்டு மாதத்தில் அமைந்தால் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 1639 ஆகஸ்டு 22-ஐச் சென்னை நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004 முதல் சென்னை தினம் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி ஆர்வலர்கள் நடத்தும் வரலாற்று உலாக்களில் பல கட்டணமில்லாதவை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போகிறவர்கள் கடற்கரையைப் பற்றிய வேறொரு பாடத்தையும் படிக்கலாம். 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாக்கிறது. பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறது. அங்கே கதை குறைவு, நடை அதிகம். ஆமை வரும் என்ற உறுதியும் இல்லை. மெரினாவுக்கு அது மாற்று ஆகாது. ஆனால், வரலாற்றைவிட உயிரியலில் நாட்டம் உள்ள குழு அதையே முதலில் தேர்ந்தெடுக்கக்கூடும்.

செயல்பாடு

நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, மேற்கண்ட மூன்று அறிவிப்புகளில் ஒன்றை உங்கள் கழகத்திற்குப் பரிந்துரைத்து ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். கட்டணம், நேரம், சக்கர நாற்காலியில் வரும் தோழி ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ளுங்கள். ‘ஆ’ அறிவிப்பையே எல்லாரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. ‘இ’ உலாவின் வழிகாட்டியிடமும் அதே செய்தியை அனுப்பியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்றும் சிந்தியுங்கள்.

பின்னர், சென்னையிலிருந்து இருபது மாணவர்கள் உங்கள் ஊருக்கு வருவதாகக் கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டல் இந்தியா, கிள்ளான் துறைமுகம் ஆகியவற்றுள் ஒன்றில் இரண்டு மணி நேர நடை உலாவுக்கான அறிவிப்பை எழுதுங்கள். எங்கே தொடங்கும், எங்கே முடியும், எது சேராது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். வியப்புக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.